குட்டிதானே

பாறைக்கிணற்று வீதியில் நாய்கள் சிறுக்கத் தொடங்கியது, மழை பெய்யாமல் போன அந்த ஆவணி மாதத்தில், ரிக்கு வண்டிக்காரர் அர்த்தநாரியின் வீட்டுக்குக் கிரேட் டேன் குட்டி வந்த பிறகுதான். அந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டி வைத்திருப்பவர்களே பெரிய மனிதர்கள். தேசம் முழுக்கப் போய்ப் பாறையைத் துளைத்து, யார் யாருடைய காட்டிலோ தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, குடத்தோடு அலையும் ஜனங்களுக்கு நடுவில் மாடி மேல் மாடியாகக் கட்டியவர்கள் அவர்கள். அந்த வீதியில் அர்த்தநாரி வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. அவர் காம்பவுண்டுச் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு குழாய் வைத்து, காலையில் கொஞ்ச நேரம் வீதிக்கே திறந்துவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் யாராவது அவரோடு சண்டை போட்டிருக்க முடியும்.

அவர் கெட்டவர் இல்லை. சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய். குட்டி காரின் பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து இறங்கிய அன்று, வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்திடம், இன்னும் பால் பல்லே விழவில்லை, இதைப் பார்த்துப் பயப்படலாமா என்று கேட்டார். நிறம் சாம்பல். உயரம் கன்றுக்குட்டி. பாதம் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு. தோல் மட்டும் யாரோ பெரியவருடையதை வாங்கிப் போட்டுக்கொண்டதுபோல முழங்காலில் மடிந்து கிடந்தது. அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். முதலாளி வீட்டுப் பிராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வீதிக்கு மரியாதையாகப் படவில்லை. நாய் என்று சொல்வதோ நினைத்தே பார்க்க முடியாத காரியம், ஏனென்றால் அந்த வீதியில் நாய் என்பது ஒருவனை அடிப்பதற்குச் சற்று முன்னால் சொல்லும் வார்த்தை. ஆகவே எல்லோரும் குட்டி என்றார்கள். குட்டி சாப்பிட்டதுங்களா, குட்டி தூங்கியதுங்களா என்று குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே விசாரித்தார்கள்.

வீதியில் அப்போது இருந்த நாய்கள் நாலு, நாலும் சின்னவை. சலூன்காரரின் வெள்ளைப் பொமரேனியன், டீக்கடைப் பெஞ்சுக்கடியில் கிடக்கும் குட்டைக்கால் செவலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நல்லமுத்து வளர்த்த நீள உடம்பு டேஷண்டு, கடைசி வீட்டில் துணி தைக்கும் துளசிமணியின் சுண்டு. குட்டி வாசலைத் தாண்டி முதல் தடவை வீதியில் கால் வைத்தபோது, பொமரேனியன் குரைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, பின்னால் நகர்ந்து, சாக்கடையில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தும் குரைத்தது. செவலை மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. டேஷண்டு, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனைக் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கி நக்கி நின்றது. சுண்டு மட்டும் காலை விறைத்துக்கொண்டு, முதுகு மயிர் எழும்ப, நின்ற இடத்தில் நின்றது. குட்டி முன்னங்கால்களைத் தரையில் பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலால் வீதியின் புழுதியையெல்லாம் கிளப்பி, விளையாட வா என்று எல்லோரையும் ஒரே அன்போடு கூப்பிட்டது. அந்த அன்பில் ஒரு பாதம் பொமரேனியனின் மேல் விழுந்தது.

பார்த்தவர்கள் சிரித்து, குட்டிதானே என்றார்கள்.

நாய்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. வந்தது எருமை என்று கண் சொன்னது. அதன் வாயில் பால் வாசம் அடிக்கிறது, அது குட்டி என்று மூக்கு சொன்னது. குட்டியைப் பெரிய நாய் கடிக்கக்கூடாது, காதைப் பிடித்து இழுத்தாலும் முகத்தில் ஏறி மிதித்தாலும் ஓர் எல்லை வரைக்கும் பொறுத்துக்கொண்டு, எல்லை தாண்டினால் மூக்கில் மெதுவாக ஒரு கவ்வு கவ்வி, போதும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நாய்களின் சட்டம். வந்த குட்டியின் மூக்கோ இவற்றுக்கு எட்டவில்லை. எதை நம்புவது என்று தெரியாமல் நாய்கள் எப்போதும் செய்கிறபடி மனிதர்களின் முகத்தைப் பார்த்தன, மனிதர்கள் குட்டி என்றார்கள். இது குட்டி என்றால், இதைவிடச் சின்னதாக இருக்கிற நாம் யார் என்று அவை யோசித்திருக்க வேண்டும், மனிதர்களின் வார்த்தையைப் பொய்யாக்க மனமில்லாமல் தங்களைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியிருக்க வேண்டும். குட்டியைச் சந்தித்து வரும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாயும் கொஞ்சம் சிறுத்தது.

வீதி இதைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டது. கழுத்துப் பட்டைகள் கழன்று விழுந்தபோது புதிதாகத் துளை போட்டார்கள், துளை போட இடமில்லாதபோது வளையல் மாட்டினார்கள். கால்நடை மருத்துவமனையில் பூச்சி மாத்திரை கொடுத்து, வெயிலில் விடாதீர்கள் என்றார்கள். சோறு மிச்சமானது. டீக்கடைச் செவலைக்கு ஒரு பன்னின் ஓரம் போதுமானதாக ஆயிற்று. ஐப்பசி வாக்கில் சலூன்காரர் தன் பொமரேனியனைக் கண்ணாடிக்கு முன்னால், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார், தாடி மழிக்க வந்தவர்கள் அதைப் பஞ்சு என்று நினைத்து எடுக்கப் பார்த்து, எல்லோரும் சிரித்தார்கள். நல்லமுத்து வாத்தியாரின் டேஷண்டு அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஊரைச் சுற்றியது. நாலும் சேர்ந்து குரைத்தால் சுவர்க்கோழி கத்துவது போல இருந்தது, இப்போதுதான் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றார்கள், அப்படி நிம்மதியாகத் தூங்கியதில் இரண்டு சைக்கிளும் ஒரு மோட்டாரும் களவு போயின. பேப்பர்காரர்கள் வந்து படம் எடுத்துப் போட்டார்கள். படத்தில் குட்டியும் அர்த்தநாரியும் இருந்தார்கள். அதன் காலடியில் வரிசையாக நிறுத்திவைத்த வீதி நாய்கள் அச்சில் விழவில்லை.

துளசிமணியின் வீடு வீதியின் கடைசியில் ஒற்றை அறை, தையல் பட்டறையும் அதுதான். அவள் புருஷன் ரிக்கு வண்டியோடு வடக்கே போய், அங்கே தண்ணீர் கண்ட ஏதோ ஓர் ஊரிலேயே தங்கிவிட்டான். அவன் போன வருஷத்தில் வந்து வாசலில் படுத்தவள்தான் சுண்டு. தனியாக இருக்கிற பெண்ணின் கதவை நேரங்கெட்ட நேரத்தில் தட்டுகிறவர்களுக்கு சுண்டுவின் பல்லைத் தெரியும். கார்த்திகையில் சுண்டு சினையானாள். தையல்காரிக்கு அளவில்தானே கண் போகும், துளசிமணி இஞ்சு டேப்பை எடுத்து முதலில் உயரத்தையும் பிறகு வயிற்றுச் சுற்றளவையும் பிடித்துப் பார்த்தாள். உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. வயிறு ஏறிக்கொண்டே போனது. தாய் சிறுக்கிறாள், உள்ளே இருப்பவை சிறுக்கவில்லை, ஏனென்றால் அவை இன்னும் குட்டியைச் சந்திக்கவில்லை. டேப்பை மடித்து வைத்துவிட்டு அவள் அன்று ஒரு துணியும் தைக்கவில்லை.

மறுநாளிலிருந்து சுண்டுவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஆனால் நாய் வெளியே போகாமல் இருக்க முடியாது, குட்டியும் சும்மா இருக்காது. அது பட்டறை வாசலுக்கு வந்து, சாத்திய கதவை மூக்கால் தள்ளித் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, தையல் மெஷினுக்கு அடியில் ஒடுங்கியவளை எச்சில் ஒழுகப் பார்த்து, வாலை ஆட்டும். ரவிக்கை கொடுக்க வந்த பெண்கள், ஐயோ பாவம், குட்டி விளையாடக் கூப்பிடுது பாரு என்பார்கள். துளசிமணி டேப்பை எடுப்பாள். ஒரு நூல் அளவு குறைந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் அது தலையை நீட்டிக்கொண்டு நிற்கையில், வெளியூரிலிருந்து பார்சல் கொண்டு வந்த ஆள் ஒருவன், வீதியின் பழக்கம் எதுவும் தெரியாதவன், வாசலை மறித்துக்கொண்டிருந்த பின்பக்கத்தைப் பார்த்து எரிச்சலில், "சீ நாயே, தள்ளு" என்றான். குட்டி திரும்பிப் பார்த்தது. மெஷினுக்கு அடியிலிருந்து சுண்டு எழுந்து வந்தாள். வந்து, நிலைப்படியில் தாழ்ந்திருந்த அந்தப் பெரிய மூக்கை எட்டி, மெதுவாக ஒரு கவ்வு கவ்வினாள். குட்டி கீச்சென்று கத்திவிட்டு, பின்னால் போய், புழுதியில் உட்கார்ந்து, காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கற்றுக்கொண்ட நாய் உட்காருவதுபோல ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு டேப்பில் சுண்டு குறையவில்லை. ஒரு நூல் கூடியிருந்தாள்.

துளசிமணி அந்த ஒரு வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு நல்லமுத்து வாத்தியாரிடம் போனாள். அவர்தான் வீதிச் சங்கத்துச் செயலாளர். எல்லோரும் அதை நாய் என்று சொன்னால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம், அதைக் கட்டக்கூட வேண்டாம் என்றாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இளமைப் பெயர்களைப் பற்றி விளக்கினார். பசுவின் இளமை கன்று, கோழியின் இளமை குஞ்சு, நாயின் இளமை குட்டி, குட்டியைக் குட்டி என்பதுதான் மரபு, வளராத ஒன்றை நாய் என்றால் அது வழு. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "குழாயில தண்ணி வருதில்ல அம்மிணி, அதையும் நினைச்சுப் பாரு" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து டேஷண்டு எட்டிப் பார்த்து உதட்டை நக்கியது.

அவள் அர்த்தநாரியிடமே போனாள். காலை நேரம், குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன, குடங்களுக்குப் பின்னால் வீதி இருந்தது. அவர் குட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றவர், வாங்க அம்மிணி என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வீட்டுக்காரரிடமிருந்து தகவல் உண்டா என்று கேட்டார். அவள் சுண்டுவின் வயிற்றைப் பற்றிச் சொன்னாள். ஈனும் வரைக்கும் மட்டும் கட்டி வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"கட்டினா ஏங்கிப் போயிருமுங்க. குட்டிதானே, அதுக்கு என்ன தெரியும்."

"எங்க சுண்டு செத்துப் போயிருமுங்கண்ணா."

"குட்டி யாரையாவது கடிச்சுதுங்களா? சொல்லுங்க. கடிச்சிருந்தா இன்னைக்கே கொண்டுபோய் விட்டர்றேன்."

அது யாரையும் கடிக்கவில்லை. குடங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அவள் எல்லோர் காதிலும் விழும்படி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உங்க நாயைக் கட்டி வைங்க."

ஒரு குடம் நிரம்பி வழிந்தது, யாரும் அதை நகர்த்தவில்லை. அர்த்தநாரியின் முகத்தில் கோபம் வந்ததாக ஒருவரும் பிறகு சொல்லவில்லை. அவர் முகம் வாடியது, அவ்வளவுதான். குட்டியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் கேட்டைச் சாத்தினார்.

அடுத்த நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரில் காயில் கருகிப் போய்விட்டது என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதற்கடுத்த நாளும் காயில் வரவில்லை. நாய் என்று சொன்னதற்கும் காயில் போனதற்கும் சம்பந்தம் இருப்பதாக வீதியில் ஒருவர்கூடப் பேசவில்லை. பேசாமலேயே பெண்கள் ஒவ்வொருவராகத் துளசிமணியின் பட்டறைக்கு வந்தார்கள். கையில் ரவிக்கையோ புருஷனின் சட்டையோ இருக்கும். லூசாகிவிட்டது, கொஞ்சம் பிடித்துக் கொடு, கையில் ஒரு மடிப்பு, இடுப்பில் ஒரு மடிப்பு என்பார்கள், சர்க்கரை வியாதி இப்படித்தான் உடம்பை உருக்கும் என்று தாங்களே சொல்லிக்கொள்வார்கள், போகும்போது நிலைப்படியில் நின்று, ஒரு வார்த்தைதானே என்பார்கள். துளசிமணி துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். பட்டறையில் பிடித்துத் தைக்க வேண்டிய துணி குவிந்தது. தோள் இறங்கியிருந்தது, கை நீண்டிருந்தது, பேண்டுகள் குதிகாலில் மடிந்து கிடந்தன. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் அவள் கவலை சுண்டுவின் வயிற்றில் இருந்தது.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் வந்தாள். அவள் கையில் துணி இல்லை. இடுப்பில் நாலு மாதப் பிள்ளை இருந்தது.

"புட்டி கழுவத் தண்ணி இல்லக்கா. லாரித் தண்ணியில கழுவிக் குடுத்து நேத்தெல்லாம் வயித்தால போகுது. உன் சுண்டு வயித்துல இருக்கறதும் உசுருதான், நான் இல்லைங்கல. இதையும் பாரு."

துளசிமணி பிள்ளையைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை என்றுதான் வீதியில் சொல்வார்கள்.

அன்று சாயங்காலம் வீதி முழுவதும் கேட்டுக்கு முன்னால் கூடியது. துளசிமணி தனியாக வந்து சொல்லைத் திரும்ப வாங்கினால் போதாது, தன் நாயையும் எடுத்து வந்து குட்டியோடு பழகவிட்டால்தான் மனசில் ஒன்றும் இல்லை என்று ஆகும் என்று சங்கத்தில் பேசி முடித்திருந்தார்கள். சுண்டுவை அவள் இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள், பெருச்சாளி அளவு உடம்பும், அந்த உடம்புக்கு ஒவ்வாத வயிறும். அர்த்தநாரி வெளியே வந்து, எதற்கு இதெல்லாம், நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லையே என்று சங்கடப்பட்டார். அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். குட்டி எல்லோருக்கும் நடுவில் புகுந்து வந்து, தலையைத் தாழ்த்தி, ஏந்திய கைக்குள் மூக்கை வைத்து, சுண்டுவைத் தலையிலிருந்து வால் வரை ஒரே நக்கில் நனைத்தது.

"சொல்லிரு அம்மிணி" என்றார் வாத்தியார். "விளக்கு வைக்கிற நேரமாச்சு."

"குட்டிதானுங்க" என்றாள் துளசிமணி. "தெரியாமப் பேசிட்டனுங்க."

கைகளில் இருந்த கனம் குறைந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ கைதட்டினார்கள், கலைந்து போகும்போது டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். காலையில் தண்ணீர் வந்தது, முன்பைவிட வேகமாக, முன்பைவிட அதிக நேரம்.

சுண்டு ஈன்றது அந்த வாரத்தில். எப்படி ஈன்றாள் என்பதைப் பார்த்தவள் துளசிமணி ஒருத்திதான், அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கதவு திறந்தபோது பழைய சேலை விரிப்பின் மேல் மூன்று குட்டிகள், ஒவ்வொன்றும் கத்திரிக்காய்ப் பருமனில், கண் திறக்காமல், பால் வாசத்தோடு நெளிந்தன. நடுவில், நூல்கண்டு அளவுக்குச் சுண்டு, உயிரோடு, அவற்றை முறை தவறாமல் நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நக்குக்கு ஒரு காது நனைந்தது. வீதி திரண்டு வந்து பார்த்து, எத்தனை வாட்டசாட்டமான குட்டிகள், இந்தத் தாய்க்கா இவ்வளவு பெரியது என்று வியந்து பாராட்டியது. குட்டி வந்த நேரம், வீதியில் இனிமேல் பிறப்பதெல்லாம் பெரிய ஜாதியாகத்தான் பிறக்கும் என்று சலூன்காரர் சொன்னார். அர்த்தநாரி இரண்டு பாக்கெட் பால் கொடுத்தனுப்பினார்.

துளசிமணி பஞ்சில் பால் நனைத்து அவற்றின் வாயில் வைத்தாள். அவை பஞ்சைத் துப்பிவிட்டு, மூக்கைத் தூக்கி, தாயைத் தேடி நகர்ந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து விலக்கி வைத்தாள், அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுண்டுவைத் தனியாகத் தூக்கி மெஷின் மேல் வைத்தாள், சுண்டு அங்கிருந்து சுவர்க்கோழிக் குரலில் அழுது, விளிம்புக்கு வந்து, குதிக்கப் பார்த்தாள். திரும்ப விரிப்பிலேயே விட வேண்டியிருந்தது. குட்டிகள் ஏறின. பாலைத் தேடி, சூட்டைத் தேடி, வேறு எந்த எண்ணமும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்தன. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். விடிகிற சமயத்தில் சற்றுக் கண்ணசந்தாள். விழித்து மூன்றையும் தூக்கிப் பார்த்தபோது, விரிப்பில் ஒட்டுத்துணி மாதிரி ஒன்று தட்டையாகக் கிடந்தது.

அதை ஊசி டப்பாவில் வைத்து வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். கழுவுவதற்கு வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது. பாவாத்தாள் பிள்ளையோடு வந்து நிலைப்படியில் நின்று, எப்படியக்கா போச்சு என்று கேட்டாள். விரிப்பில் மூன்றும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தூங்கின. துளசிமணி அவற்றின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"குட்டிகதானே. அதுகளுக்கு என்ன தெரியும்."

சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டாள். பாவாத்தாளும் கேட்டாள். பாவாத்தாள் போகும்போது முந்தானைக்குள்ளிருந்து தன் ரவிக்கை ஒன்றை எடுத்து, நேரம் கிடைக்கும்போது பிடித்துக் கொடு என்று குவியலின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

துளசிமணி மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்து, முதல் ரவிக்கையை மடித்து அடியில் கொடுத்து, காலை நீட்டினாள். மிதி எட்டவில்லை. ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு நீட்டினாள், கட்டைவிரல் நுனி பட்டது, மிதிக்க வரவில்லை. அவள் எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையைக் கொண்டுவந்து, மிதியின் மேல் வைத்து, துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, மறுபடி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். இப்போது ஓடியது. வீதியின் துணி முழுவதும் காத்துக் கிடந்தது.